முழு நைட்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த என் மகன் பைலட் ஆகியே தீருவேன் என்கிறான். பயிற்சி முடிய ஒரு கோடி வரை ஆகும் என்கிறார்கள். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்கலாமா என்று யோசனை. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, பைலட்டுகளின் ஓய்வு விதிதான் காரணம் என்று டிவியில் சொன்னார்கள். மாதம் ஏழு லட்சம் வாங்குகிறவர்கள் தூக்கம் வருகிறது என்று புலம்பலாமா? இந்தத் தொழிலுக்கு மகனை நம்பி அனுப்பலாமா?

ரா., பொள்ளாச்சி

அன்புள்ள ரா.,

தோப்புக் கணக்கு எனக்குத் தெரியாது. சம்பளமும் அப்படித்தான், ஏழோ எட்டோ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஒரு வரிக்காக உங்களைத் திட்டவேண்டும். தூக்கம் என்ன, சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டா வருகிறது?

படிப்பை விட்ட வயதில் கோவையில் ஒரு நூற்பாலையில் ஒன்றரை வருடம் இருந்தேன். அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறும். அரை நைட் பாதி ராத்திரியோடு முடியும், முழு நைட் அங்கிருந்து விடியும் வரை. முழு நைட்டில் முதல் கொஞ்ச நேரம் சிரிப்பும் பேச்சுமாகப் போய்விடும். மூன்று மணிக்குத்தான் ஆள் தெரியும். கண் திறந்திருக்கும், அறுந்த நூல் கண்முன்னே தொங்கும், கை அதை எடுக்காது. டீ, வெற்றிலை, முகத்தில் தண்ணீர், எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. எனக்கு அடுத்த மிஷின் பார்த்த அண்ணன் ஒருநாள் அரை நைட் முடித்துக் கிளம்பினார். மாற்று ஆள் வரவில்லை, முழு நைட்டும் பார் என்றார்கள். "முடியாதுங்க சார், கண்ணைக் கட்டுது" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். விடிவதற்குள் ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. சூப்பர்வைசர் நோட்டில் எழுதியது ஒரே வார்த்தை: கவனக்குறைவு. அவர் சொன்னது அந்த நோட்டில் ஏறவில்லை. அதற்குப் பிறகு யாரும் முடியாது என்று சொல்லவும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பைலட்டுகள் நிர்வாகத்தை நம்புவதில்லை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப்போய் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவு இரண்டு மணி ஐந்து நிமிடம். அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டனின் குறட்டையும் மூச்சும். விழித்து இறக்கும்போது விமானம் இருக்கவேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை, இறங்கவேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்றார். கேப்டன் கேட்கவில்லை. பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், கத்துக்குட்டி இல்லை. ஊருக்குப் போய் விடுமுறை கழித்துவிட்டு வந்தவரும்கூட, அதனால் உழைத்துக் களைத்தவர் என்றும் சொல்லமுடியாது. இரவு இரண்டு முதல் ஆறு வரை உடம்பு தானாகவே இறங்கிவிடும். அசந்து தூங்கி எழுந்தவனுக்கு மூளை தெளியவும் நேரம் வேண்டும். விசாரணை அறிக்கையும் அந்த நீண்ட தூக்கத்தைக் குறிப்பிட்டது.

நீங்கள் டிவியில் பார்த்த விதி இதற்காகத்தான். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவுப் பணியில் ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டு. இரவு என்பது காலை ஐந்தோடு முடிந்தது, இனி ஆறு. 2024 ஜனவரியிலேயே விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அறிவித்தார்கள். தள்ளிப்போட்டார்கள். பைலட்டுகள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய், கடைசிப் பகுதி 2025 நவம்பர் 1-இல் வந்தது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், ஆள் எடுக்க இது போதாதா? டிசம்பரில் விமானங்கள் நின்றதும் இண்டிகோவுக்கு இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி வரை விலக்கு. படிக்காமல் வந்த பையனுக்காகப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். படித்துவிட்டு வந்தவன் யாரை நம்புவான், சொல்லுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகட்டுமே என்பீர்கள். 2017 முதல் கேப்டன் ஒரு வருடம், துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும்.

சரி, உங்கள் மகன். நான் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். ராத்திரி த்ரீ பேஸ் கரண்டுக்காகக் காத்திருந்து தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்தானே நீங்கள்? அந்த வேலையை ஒரு வாரம் அவனிடம் விடுங்கள். மூன்று மணிக்கு எழுந்து போய் மடை மாற்றட்டும், பகலில் தூங்கிக்கொள்ளட்டும். ஐந்தாம் நாள் வந்து என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். அதற்குள் தோப்பை விற்றுவிடாதீர்கள்.