வேலையில் இருந்துகொண்டே கிரியோல் குடும்பக் கதையை வரலாற்று நாவலாக எழுத முடியுமா, வேலையை விட வேண்டுமா?

நீங்கள் ஐம்பதை நெருங்குபவர், சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலையை விடாதீர்கள். நான் ஆடிட்டர். பங்குதாரராக இருந்த நிறுவனத்தில் பாதிப் பொறுப்பை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு, 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரியைக் களமாகக் கொண்டு, என் தாய்வழிப் பாட்டியின் கிரியோல், அதாவது பிரெஞ்சு வழிவந்து இங்கேயே வேரூன்றிய, குடும்பக் கதையை ஆறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன்.

ஊரார் தங்களைக் கலப்பினத்தவர் என்ற பொருளில் 'சட்டைக்காரர்' என்று அழைத்ததைப் பாட்டி கடைசிவரை பொறுத்துக்கொள்ளவில்லை. கப்ஸ் கோயில் என்னும் தேவாலயத்தில் பிரெஞ்சுப் பூசை கண்டுவிட்டு வந்து, சமையற்காரியிடம் தமிழில் சண்டை பிடிக்கும் அவர், "நாம் பிரான்சின் லோரியான் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர்கள்" என்பார். வவுச்சர் இல்லாத செலவை ஒப்புக்கொள்ளாதவன் நான். பிரான்சின் ஏக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரியின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அந்தக் கையெழுத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியபின் எங்கள் குடும்பப் பெயர் கிடைத்தது. மணமகன் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய். மணமகளோ 'தொப்பாஸ்', அதாவது போர்ச்சுக்கீசியப் பெயர் தாங்கிய கலப்பினக் கிறித்தவக் குடும்பத்தவள். பாட்டி சொன்னதில் பாதி உண்மைதான். மறு பாதியைத்தான் அவர் சொல்லவில்லை.

இதைச் சொன்னதும் என் மாமா கேட்ட கேள்வி: "பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காகத் தோண்டுகிறாயா?" புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது கிடைத்த ஆறு மாதக் கெடுவுக்குள் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்பதை, இங்கே பின்னூட்டமிடப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். ஆயினும் ஒன்று சொல்வேன்: ஆவணத்தை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தபோது, புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேசிய கலப்பினப் பெண்ணான துய்ப்ளேக்சின் மனைவியை நானும் பிள்ளையவர்களின் கோபத்தோடேயே பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவளைப் பிடிக்காதவர் எழுதி வைத்த கணக்கு அது என்பது, தணிக்கையையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஓராண்டு கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் எழுதி முடித்திருந்த இருநூறு பக்கங்களும், தேதி தவறாமல், உயிரில்லாமல், ஐந்தொகை போல இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் தொப்பாஸ் மணமகளிடமிருந்து மீண்டும் தொடங்கினேன்.

பதிவேட்டில் அவளுக்கு 'மரி' என்று மட்டுமே பெயர். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று இதுவரை நான்கு பெயர்களை வைத்துப் பார்த்து அடித்திருக்கிறேன்.