பழகிவிடுமா?

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேர் ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது வெளியே வந்தவர்கள். அநேகருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் இருக்கிறது. அந்தச் சங்கம் தன் அகப்பக்கத்தைப் புதிதாக்கிவிட்டது. முன்பு உள்ளே போனதும் பங்குத்தொகை, ஈவுத்தொகை, படிவங்கள் என்று மூன்று வரி இருக்கும். இப்போது பெரிய படங்கள் ஓடுகின்றன, மற்ற எல்லாமே மூலையில் இருக்கும் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளிந்துகொண்டன. தமிழைத் தட்டினாலும் உறுப்பினர் எண் போட்டதும் மலாய்க்கு மாறிவிடுகிறது. எழுத்தெல்லாம் சாம்பல் நிறம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே கோபம். அலுவலகத்தில் கேட்டால், "புதுசு என்றால் எல்லாரும் கத்துவார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்" என்கிறார்கள். கணினித் துறையில் இருக்கும் என் மகனும் அதையே சொல்கிறான். நாங்கள்தான் பிடிவாதம் பிடிக்கிறோமா?

*

அன்புள்ள அம்மா,

இது பிடிவாதம் இல்லை. உங்கள் மகன் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை வைத்து அலுவலகம் மீதியை மூடப் பார்க்கிறது, எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

வடிவமைப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது முகநூலை. 2006 செப்டம்பரில் நண்பர்கள் செய்வதையெல்லாம் முதல் பக்கத்தில் வரிசையாகக் காட்டத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கானோர் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். அந்த வரிசை இன்றும் இருக்கிறது. "பார்த்தீர்களா, பழகிவிட்டார்கள்" என்பார்கள். ஆனால் யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதிகளைச் சில நாட்களிலேயே முகநூல் சேர்த்ததைச் சொல்லமாட்டார்கள். கத்தியவர்கள் கேட்டதில் நியாயமான பகுதி கிடைத்த பிறகுதான் மற்றது பழகியது. 'டிக்' என்ற செய்தித் தளத்தின் கதையையும் சொல்லமாட்டார்கள். 2010 ஆகஸ்டில் அது முற்றிலும் மாறியது. பிடிக்காத செய்தியைக் கீழே தள்ளும் பொத்தானைக்கூட எடுத்துவிட்டார்கள். வாசகர்கள் கூட்டங்கூட்டமாக 'ரெடிட்' என்ற போட்டித் தளத்தின் பக்கம் போனார்கள். 2012-இல் தளமும் பெயரும் ஏறத்தாழ 5 லட்சம் டாலருக்குக் கைமாறின.

உங்கள் தாமானில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, பெரியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வெட்டும் மர வரிசையை, அதாவது நிரையை, மாற்றிக் கொடுத்தால் முதல் சில நாள் கை தடுமாறும், பால் குறையும், பிறகு சரியாகிவிடும். நெற்றி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு இருட்டில் வெட்டச் சொன்னால் எத்தனை மாதம் போனாலும் சரியாகாது. பங்குத்தொகை முதல் பக்கத்திலிருந்து மூன்று கோட்டுக்குள் போனது நிரை மாற்றம். சாம்பல் எழுத்தும் பாதி வழியில் காணாமல் போகும் தமிழும் விளக்கைப் பிடுங்கியது.

எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, உள்ளே போகும் ஒளி குறைகிறது. இருபத்தைந்து வயதுக்காரர் நல்ல கணினித் திரையில் பார்த்து அழகென்று தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பல், மலிவான கைப்பேசியில், வாசல் வெயிலில், எழுபது வயதுக் கண்ணுக்கு வெறும் வெள்ளைதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஏற்கப்பட்ட அணுகல் நெறிமுறை 2008-லிருந்தே சொல்கிறது. அளந்து பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. தமிழுக்கு அதுவும் போதாது என்பேன். 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளி, 'கெ'வுக்கும் 'கே'வுக்கும் நடுவே ஒரு சிறு சுழி. எழுத்தைச் சிறிதாக்கி, மெல்லியதாக்கி, நிறத்தையும் வெளுத்தால் முதலில் மறைவது இவைதாம். ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால் மேல்வரியின் 'கு', 'ழு' கீழ்வரியின் புள்ளிமேல் உட்கார்ந்துகொள்ளும். நம் சொற்கள் நீளம் என்பதால் பொத்தானுக்குள் அடங்காமல் 'ஈவுத்தொ' என்று வெட்டுப்படும். தமிழ்ப் பக்கத்தைத் தமிழ் படிக்கிற ஒருவர் கைப்பேசியில் திறந்து பார்த்திருந்தால் இத்தனையும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இது அழகு பற்றிய சண்டை இல்லை, அம்மா. தானாகப் பார்க்க முடியாத பெரியவர் என்ன செய்வார்? போட்டோஸ்டேட் கடைக்குப் போவார். கைப்பேசி, அடையாள அட்டை, கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் கடைப் பையனிடம் நீட்டுவார், குறுஞ்செய்தியில் வரும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்வார். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். வாழ்நாள் சேமிப்பின் சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பதையா அவர் பழகிக்கொள்ள வேண்டும்? மோசடி அழைப்புகள் இவ்வளவு பெருகியிருக்கும் நாட்டில் இந்தப் பழக்கத்தை ஒரு சங்கமே உண்டாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. புலனக் குழுவில் திட்டுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் "பழையதே வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அலுவலகத்துக்கு அது சத்தமாகத்தான் கேட்கும். ஐந்து பெரியவர்களை உட்கார வையுங்கள். ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐவரை வைத்துச் சோதித்தாலே சிக்கல்களில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று 2000-லேயே எழுதினார். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "இந்த ஆண்டு ஈவுத்தொகை எவ்வளவு என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா இருங்கள். உதவ வேண்டும் என்று கை துடிக்கும், ஆசிரியை அல்லவா, அடக்கிக்கொள்ளுங்கள். விரல் எங்கே நின்றது, எதைத் தவறாகத் தட்டினார், எந்தக் கைப்பேசி என்று எழுதி வையுங்கள். உங்கள் மகனையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், நூறு வாதத்தைவிட அது வேலை செய்யும்.

பழைய முகப்பைக் கொஞ்ச காலம் கூடவே வைத்திருக்கச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தோற்றத்தை மாற்றியபோது, கணக்கு உள்ளவர்கள் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டார்கள்.

இன்னொன்று. டிக் வாசகர்களுக்கு வேறு இடத்துக்குப் போக முடிந்தது. பணம் உள்ளே இருப்பதால் உங்களால் அப்படிப் போக முடியாது. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்தான் உரிமையாளர், எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அந்த ஐந்து பேரின் குறிப்புகளையும் இணைத்து ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானமாக அனுப்புங்கள்: எழுத்து கறுப்பாக வேண்டும், தேர்ந்தெடுத்த மொழி கடைசிப் பக்கம் வரை மாறக் கூடாது, பங்குத்தொகையும் ஈவுத்தொகையும் முதல் பக்கத்தில் பெயரோடு நிற்க வேண்டும். முன்மொழிய நீங்கள் இருக்கிறீர்கள். வழிமொழிய, சோதனையில் உட்கார்ந்த பெரியவர்களில் ஒருவரைக் கேளுங்கள்.