கேட் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டாம்

மணலி புதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா வீடு பக்கத்துக் கிராமத்தில். புன்செய்க்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் இருபது நிமிஷம். அவர் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து, முப்பது வருஷத்துக்கு மேலாக, ஊரே அந்த வழியாகத்தான் போய்வருகிறது. போன தை மாதம் அந்த நிலத்தை வாங்கியவர் கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, வாட்ச்மேன் ஒருவரையும் உட்கார வைத்துவிட்டார். பேர், போன் நம்பர், ‘அனுமதி பெற்றுச் செல்கிறேன்’ என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டால் உள்ளே விடுகிறார்கள். இதற்கிடையில் ஒரு புரோக்கர், வீட்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் ‘பாதைப் பட்டா’ வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். “கையெழுத்துப் போட்டே நடந்துவிடலாமா, பணத்தைக் கட்டிவிடலாமா? சுற்றிப் போனால் டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்” என்கிறார்.

இரண்டும் வேண்டாம்மா.

முதலில் அந்த நோட்டு. தனியார் நிலத்தின் வழியாக 20 வருஷம் வெளிப்படையாக, சண்டை சச்சரவு இல்லாமல், இடைவிடாமல், ‘இது என் உரிமை’ என்று நடந்திருந்தால் அந்த வழி உங்களுக்கு உரியது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதில் உயிர்நாடி ‘உரிமை என்று’ என்ற சொல்தான். அனுமதி கேட்டு நடந்தவர் உரிமையில் நடந்தவர் ஆகமாட்டார். அந்த நோட்டு பாதுகாப்புக்கு என்று நினைத்தீர்களா? நாளைக்கு வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான். என்னிடம் வந்த ஒரு பெரியவர் இப்படித்தான் நான்கு வருஷம் தினமும் கையெழுத்துப் போட்டிருந்தார். அழகான கையெழுத்து வேறு. அந்த வழக்கில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். இனிமேல் போடாதீர்கள். ‘இந்தப் பாதையில் நாங்கள் உரிமையோடு நடக்கிறோம், நோட்டில் வாங்கிய கையெழுத்தை அனுமதியாக ஏற்க முடியாது’ என்று ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதி, நிலத்துக்காரருக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தள்ளிப் போடாதீர்கள். அடைத்ததைத் தெரிந்தும் ஒரு வருஷம் சும்மா இருந்தால் நடை அறுந்துபோனதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது புரோக்கர். பாதைப் பட்டா என்று ஒன்று கிடையாது. பட்டா நிலத்துக்காரர் பேரில் இருப்பது. நடக்கிறவருக்கு யாரும் பட்டா கொடுப்பதில்லை. தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் கையில் ஃபைலோடு நிற்கும் ஆட்கள் ‘சர்வேயர் நம்ம ஆள்’ என்பார்கள். அவர்கள் தரப்போவது, நீங்களே வீட்டில் உட்கார்ந்து போனில் இறக்கக்கூடிய தாள்தான்.

அந்தத் தாளை எப்படிப் பார்ப்பது? அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்), ‘அ’ பதிவேடும் (எந்த எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) காசில்லாமல் வரும். ‘அ’ பதிவேட்டில் பாதைக்கென்று தனி உட்பிரிவு எண் இருந்து, புறம்போக்கு என்றும் வண்டிப்பாதை என்றும் குறித்திருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 20 வருஷக் கணக்கே தேவையில்லை. அது அரசு நிலம். 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வேலியை எடுக்க வைப்பது தாசில்தார் வேலை. தனி எண் இல்லாவிட்டால் புலப்படத்தில் பாதையைக் காட்டும் புள்ளிக்கோடு ஏதாவது குறுக்கே போகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வரும் படத்தில் இல்லை என்பதற்காகப் பாதையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தாலுகா ஆபீஸில் பழைய புலப்படத்தின் சான்றிட்ட நகல் கேளுங்கள். கிராம வரைபடமும் கேளுங்கள். தரவில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. உங்கள் பக்கத்து ஊர்கள் சில 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தன. 2018-ல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கும் மாறின. உங்கள் பாதை கிளம்பும் இடம் சென்னை மாவட்டம், போய்ச்சேரும் ஊர் திருவள்ளூர் மாவட்டம். இந்த ஆபீஸில் போய்க் கேட்டால் ‘ரெக்கார்டு அங்கே’, அங்கே போனால் ‘இப்போ அது உங்க மாவட்டம்’. எல்லைக்கோட்டை நகர்த்தியவர்கள் ரெக்கார்டு கட்டுகளையும் சேர்த்து நகர்த்தியிருக்கக் கூடாதா? வாய்ச்சொல்லை நம்பி அலையாதீர்கள். ‘எங்களிடம் இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பக்கத்து நிலங்களின் பழைய கிரயப் பத்திரங்களைத் தேடுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் ‘ஊர் நடைபாதைக்குத் தெற்கு, இன்னார் புன்செய்க்கு மேற்கு’ என்று ஒரு வரி இருந்தால் அது பத்து சாட்சிக்குச் சமம். அந்த நிலத்தை விற்றவர் தானே ஒப்புக்கொண்ட எல்லை அது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எல்லோரும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘வேறு வழியே இல்லை, அதனால் விட்டாக வேண்டும்’ என்று ஒரு வாதம். அவசிய வழி என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒருவர் கையில் இருந்து, பிரித்து விற்றதாலோ பாகம் பிரித்ததாலோ உள்ளே இருக்கும் நிலம் வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணன் முன்பக்கம், தம்பி பின்பக்கம் என்று பிரித்த பாகத்துக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. சுற்றுவழி எத்தனை கிலோமீட்டர் ஆனாலும், அதில் எத்தனை டிரெய்லர் ஓடினாலும், வழி இருக்கிறது என்றே கோர்ட் சொல்லும். ஆகவே மனுவில் லாரியைப் பற்றி அழுது எழுதி, ‘வேறு வழி இல்லை’ என்று முடிக்காதீர்கள். ‘இத்தனை வருஷமாக, இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை நடக்கிறோம்’ என்று எழுதுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: வேலியையும் கேட்டையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், பழைய செயற்கைக்கோள் படங்களில் பாதை தெரியும் பக்கங்களைச் சேமியுங்கள், எழுபது வயது தாண்டிய இரண்டு பேரிடம் என்றிலிருந்து நடக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூல் ஆகிவிட்டதென்றால் புரோக்கரிடமிருந்து திரும்ப வாங்கி, கோர்ட் ஃபீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.