வீட்டை அடகு வைக்காதீர்கள், ஐயா
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) ஒருவர் போன சனிக்கிழமை மனைவி, மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் மகளுக்கு உயிரியலில் ஏ. "டாக்டருக்குத்தான் படிக்கணும்" என்று பெரியப்பா முடிவே செய்துவிட்டாராம். வெளிநாட்டில் இடம் இருக்கிறது, வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டார்கள்.

அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், அடகு என்றதும் நிறுத்திக்கொண்டேன். வேண்டாம், ஐயா. 2016 கடைசியிலிருந்து அரசாங்க மருத்துவமனையில் புதிதாகச் சேரும் மருத்துவர்களுக்கு ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலையில் அவர்கள் வெளிநடப்பே செய்தார்கள். அந்த நிலைமையை நம்பி இலட்சக்கணக்கில் கடனா?

அரைமணி நேரமாக யாரும் பிள்ளையிடம் பேசவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். மடிக்கணினியைத் திறந்தாள். பைத்தான் என்ற நிரல்மொழியில் 'மரம்' என்று ஒரு வகுப்பு (class, அதாவது ஒரு வார்ப்பு) எழுதியிருந்தாள். ஒவ்வொரு செம்பனைக்கும் எண், பிளாக், கொட்டை ஓட்டின் வகை. கூடவே இன்னொரு மரத்தோடு கலந்தால் என்ன வரும் என்று சொல்லும் கட்டளை. தடித்த ஓட்டு டூராவும் ஓடில்லாத பிசிஃபெராவும் சேர்ந்தால் மெல்லிய ஓட்டு டெனரா. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டெனராவும் டெனராவும்?" "நாலுக்கு ஒண்ணு டூரா, ஒண்ணு பிசிஃபெரா, மிச்சம் ரெண்டும் டெனராப்பா." பழத்தை வெட்டி ஓட்டைப் பார்த்தே வளர்ந்தவர், தலையாட்டினார்.

தகவலையும் அதை வைத்துச் செய்யும் வேலையையும் இப்படி ஒன்றாகக் கட்டிவைப்பதுதான் பொருள்நோக்கு நிரலாக்கம். ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் பயோபைத்தான் என்ற உயிரியல் நிரல் தொகுப்பும் இதே வழிதான், இலவசமாகவே கிடைக்கிறது. அதில் டி.என்.ஏ. வரிசை வெறும் எழுத்துக்கோவை அல்ல. ஏ-க்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி என்று தன் எதிர் இழையைத் தானே சொல்லும். எந்தப் புரதமாகும் என்றும் சொல்லும். எந்த மரபணு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பும் வரிசையோடு ஒட்டிக்கொண்டே வரும். செம்பனையின் மரபணுத் தொகுதி சுமார் 180 கோடி எழுத்து. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் அதை வெளியிட்டார்கள். ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவும் அதே ஆண்டில்தான் தெரியவந்தது. அவ்வளவு எழுத்தையும் கண்ணால் யார் படிப்பது?

பல்கலைக்கழகத்துக்கு முன் பள்ளியிலேயே படிக்கும் படிவம் ஆறு படிக்கட்டும். மறுபடியும் பள்ளிச் சீருடையா என்று முகம் சுளித்தாள். பரவாயில்லை, செலவு குறைவு. அப்புறம் உயிர்த்தகவலியல், அதாவது உயிரியல் தகவலைக் கணினியால் ஆராயும் படிப்பு. இடம் கிடைக்காவிட்டால் கணினி அறிவியல், கூடவே உயிரியல் பாடங்கள். ஆய்வு வேலைக்கு முதுகலையும் தேவைப்படும், அதை மறைக்க மாட்டேன்.

"பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் அம்மா.

என்னிடம் அனுப்புங்கள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்கிறேன்.