அக்கா படிக்கும் கல்லூரியில் தம்பிக்கும் இடம் கிடைக்குமா?

அமெரிக்காவில் போட்டி கடுமையான கல்லூரி ஒன்றில் அக்கா படிக்கிறார், அங்கே விண்ணப்பித்தால் எனக்குச் சாதகமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் உதவலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

குடும்பத்தில் ஒருவர் படித்த கல்லூரி என்பதால் சேர்க்கையில் தரும் ‘லெகசி’ சலுகை பெரும்பாலும் அங்கே படித்து முடித்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான். உடன்பிறந்தவர்களையும் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு, ஆனால் அதன் எடை பொதுவாகக் குறைவு. எம்.ஐ.டி., கால்டெக் இரண்டும் லெகசியே பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில் மாநில நிதியுதவி பெறும் தனியார் கல்லூரிகளும் லெகசி பார்க்க 2025 செப்டம்பர் முதல் சட்டப்படி தடை.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான ‘காமன் ஆப்’ படிவத்தின் குடும்பப் பகுதியில் உடன்பிறந்தவர்களின் கல்லூரியைக் கேட்கிறார்கள். ஆகவே அக்கா விஷயம் தானாகவே தெரிந்துவிடும், கட்டுரையில் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். கல்லூரி தன்னைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான ‘காமன் டேட்டா செட்’டில் சி7 பகுதியைப் பாருங்கள். முன்னாள் மாணவர் உறவுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அங்கே குறித்திருப்பார்கள். அது உடன்பிறந்தவர்களுக்கும் பொருந்துமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், அக்காவால் கிடைக்கும் உண்மையான லாபம் தகவல்தான். எந்தப் பேராசிரியர் முதலாண்டு மாணவர்களை ஆய்வகத்தில் சேர்க்கிறார், எந்த வகுப்பில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ‘ஏன் இந்தக் கல்லூரி’ கட்டுரையில் இப்படிப்பட்ட விவரங்கள் நன்றாகப் பேசும். எழுதுவது மட்டும் உங்கள் ஆர்வமாக இருக்கட்டும்; அக்காவின் பழைய கட்டுரையை மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.