பயமுறுத்தினால் திருந்துவார்களா?

கேள்வி: காடு அழிகிறது, கடலில் பிளாஸ்டிக் சேர்கிறது என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் யாரும் கேட்பதாயில்லை. இன்னும் பலமாகப் பயமுறுத்தினால்தான் திருந்துவார்களா?

பதில்: மாட்டார்கள். பயம் பலிக்க வேண்டுமானால், 'நான் செய்தால் கொஞ்சமாவது மாறும்' என்ற நம்பிக்கையும் கூடவே வர வேண்டும். வெறும் பயத்தை ஏற்றினால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அதைவிடப் பெரிய தவறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 'யாரும் கேட்பதாயில்லை.' இதைத்தான் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சால்டீனியின் குழு, குறியிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டு வைத்துப் பலகைகளைச் சோதித்தது. 'பலர் எடுத்துச் சென்று பூங்காவின் இயல்பைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற பலகை இருந்தபோது 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்றபோது 1.67 சதவீதம்தான். முதல் பலகையின் வருத்தம் யார் மனதிலும் ஏறவில்லை. 'எல்லோரும் எடுக்கிறார்கள்' என்பது மட்டும் ஏறிவிட்டது.

ஆகவே செய்கிறவர்களைக் காட்டுங்கள், அதுவும் அதே இடத்து ஆட்களை. 2008-இல் வெளியான ஹோட்டல் ஆய்வில், 'சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்' என்ற அட்டைக்குக் குளியல் துண்டை மறுபடி பயன்படுத்தியவர்கள் 37.2 சதவீதம். 'இதே அறையில் தங்கியவர்களில் 75 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்' என்ற அட்டைக்கு 49.3.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் வீடுவீடாக அக்கம்பக்கத்தின் சராசரி மின் செலவைத் தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ, 'நாம்தான் ரொம்பக் குறைக்கிறோம் போல' என்று கூட்டிவிட்டார்கள்! அவர்கள் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அந்த ஏற்றம் நின்றது. எனவே எண்ணோடு ஒரு பாராட்டும் போக வேண்டும்.

செய்கிறவர்கள் உண்மையிலேயே சிலர்தானா? 'பலர்' என்று பொய் எழுதாதீர்கள். பிடிபட்டால் அடுத்த பலகையையும் நம்ப மாட்டார்கள். ஏறுமுகம் இருந்தால் அதை எழுதுங்கள். 2017-இல் வெளியான உணவக ஆய்வில், '30 சதவீதம் பேர் இறைச்சியைக் குறைக்க முயல்கிறார்கள்' என்று படித்தவர்களில் 17 சதவீதம் பேர் இறைச்சியில்லாத உணவு வாங்கினார்கள். அதே 30 சதவீதத்தை 'சமீப காலத்தில் குறைக்கத் தொடங்கியவர்கள்' என்று சொன்னபோது 34 சதவீதம்.