தானப் பத்திரத்தில் ‘வித்தவுட் கன்சிடரேஷன்’: அந்த வரி இருக்கட்டும்

அந்த வரியை நீக்கச் சொல்லாதீர்கள். உங்கள் அம்மா எழுதித் தரும் தானப் பத்திரத்தின் ஆங்கில வரைவில் உள்ள ‘வித்தவுட் கன்சிடரேஷன்’ என்பதற்கு ‘யோசிக்காமல்’ என்று பொருள் இல்லை. ‘பதிலுக்கு எதுவும் பெறாமல்’ என்று பொருள். நீங்கள் பயப்படுவதுபோல், அம்மா யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் வாதாட அது உங்கள் தம்பிக்கு ஆயுதமாகாது.

குழப்பம் கைபேசி மொழிபெயர்ப்பில் வந்திருக்கலாம். அன்றாட ஆங்கிலத்தில் கன்சிடரேஷன் என்றால் பரிசீலனை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது மறுபயன்: ஈடாகக் கிடைக்கும் பணமோ, வேலையோ, ஒன்றைச் செய்யாமல் இருப்பதோகூட. கிரயப் பத்திரத்தில் விலைத்தொகையையும் இப்படித்தான் குறிப்பிடுவார்கள். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122ஆவது பிரிவு தானத்துக்குச் சொல்லும் இலக்கணமே, தானாக முன்வந்து மறுபயன் இல்லாமல் தருவது என்பதுதான். அந்த வரியை எடுத்தால்தான் வம்பு.

வரைவை மீண்டும் புரட்டிப் பாருங்கள். எங்காவது தொகை பெற்றுக்கொண்டதாக ஒரு வரி ஒளிந்திருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். பழைய கிரயப் பத்திரத்தை நகலெடுத்துத் திருத்துபவர்கள் விட்டுவைக்கும் மிச்சம் அது. நீங்கள் தானத்தை ஏற்றுக்கொண்டதாகவும் வாசகம் இருக்கட்டும். அம்மாவின் வாழ்நாளிலேயே ஏற்றாக வேண்டும். வீடு, நிலம் என்றால் பதிவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் (இஸ்லாமியச் சட்டப்படி தரும் தானமான ஹிபாவுக்கு இது பொருந்தாது).

ஒன்றைக் கவனியுங்கள்: அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிக்கொண்டு நீங்கள் தவறினால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி அவர் தானத்தை ரத்து செய்யக் கோரலாம்.